மருதாசலத்தின் பவளம்

ஞானம் தேடுகிறவர்கள் பொதுவாக மலை ஏறுவார்கள். பல் டாக்டர் சென்னியப்பன் உக்கடத்துக்குப் போனார்.

அங்கே, தின்னும் மீன் விற்கும் கடைகள் முடிகிற இடத்தில், வளர்க்கும் மீன் விற்கும் கடை ஒன்று இருந்தது. சொந்தக்காரி ரெக்ஸ்லின். தூத்துக்குடிக்காரி. வயது முப்பத்திரண்டு; டாக்டருக்கு ஐம்பத்தேழு. கோயம்புத்தூரில் வீட்டுக்குள் கடல் வளர்க்கும் இருபது முப்பது பேருக்கும் அவள்தான் குரு. அப்படி யாராவது கூப்பிட்டிருந்தால் உப்புப் பொட்டலத்தைத் தூக்கி எறிந்திருப்பாள். ஆனாலும் அவளைக் கேட்காமல் யாரும் தொட்டிக்குள் ஒரு கல்லைக்கூட நகர்த்துவதில்லை.

டாக்டர் மட்டும் கேட்காமல் வெட்டியிருந்தார்.

“ஏனுங்க அம்மிணி, இந்த ஸீனியாவை எப்படிங்க நிறுத்தறது?”

“வெட்டுனியளா?”

“கொஞ்சம்.”

“கொஞ்சம்னா?”

“தெனமும்.”

“எதை வச்சு?”

மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்திலிருந்து டாக்டர் ஒரு கத்தரியை எடுத்தார். ஈறு வெட்டும் கத்தரி, நுனி வளைந்தது. ரெக்ஸ்லின் அதை வாங்கிப் பார்த்தாள். மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள்.

“அம்மிணி, சாயங்காலம் எனக்கு ஒரு ஈறு ஆபரேஷன் இருக்குதுங்க.”

“வேற கத்தரி இருக்கும்லா? போங்க. ரெண்டு மணிக்கு வாரேன்.”

அன்று வியாழக்கிழமை. டாக்டருக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

ஸீனியா ஒரு மென்பவளம். நகைக்கடையில் பவளம் என்று விற்பது பவளத்தின் எலும்பை. ஸீனியாவுக்கு எலும்பு கிடையாது. ஆகவே நகைக்கும் உதவாது. தண்டு நுனியில் சின்னச் சின்னக் கைகள் விரியும், மூடும், மறுபடி விரியும். பார்க்கிறவர்கள் மயங்கி வாங்கிவிடுவார்கள். ஆறு மாதத்தில் அந்தக் கைகள் அடுத்த கல்லுக்கு வந்துவிடும். பிறகு அதற்கடுத்த கல், கண்ணாடி, பம்ப். வெட்டினால், வெட்டுப்பட்ட துண்டு மிதந்துபோய் ஒதுங்கின இடத்தில் ஒட்டிக்கொண்டு முளைக்கும். டாக்டரின் தொட்டி எண்பது லிட்டர். ஒதுங்குவதற்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை.

வெட்டியதற்குக் காரணம் மருதாசலம்.

மருதாசலம் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் பதினோரு வருஷமாக ஒரு லெதர் பவளம் இருந்தது. தோல் போன்ற உடம்பு, குடை போன்ற தலை, தலை முழுக்கப் புல் முளைத்த மாதிரி மெல்லிய இதழ்கள். ரெக்ஸ்லின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய பவளம் வளர்ந்தாலும் ஒரு துண்டை இன்னொருவர் வீட்டில் வைக்க வேண்டும். ஒரு தொட்டி செத்தாலும் இன்னொன்றில் உயிர் இருக்கும். அப்படித்தான் இரண்டு வருஷத்துக்கு முன்பு மருதாசலம் தன் லெதரில் ஒரு துண்டை வெட்டி டாக்டர் கையில் கொடுத்தார்.

“உங்ககிட்ட இருந்தா என்கிட்ட இருக்கற மாதிரிங்க டாக்டர்” என்றார்.

இந்தச் சித்திரையில் மருதாசலம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனார். கரண்ட் போனது. மூன்று நாள் கழித்துத் திரும்பியபோது தொட்டியில் நாற்றம் மட்டும் இருந்தது. இப்போது புதுத் தொட்டி வைத்து, தண்ணீர் பக்குவப்பட நாலு மாதம் காத்திருந்து, போன் செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறாராம், தன் துண்டை வாங்கிக்கொள்ள.

அந்தத் துண்டு ஒன்பது நாளாகத் தலையைத் திறக்கவில்லை. அது இருந்த கல்லைச் சுற்றி ஸீனியா முளைத்திருந்தது.

கீழே கிளினிக், மேலே வீடு. இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் ஒரு தடவை என்றிருந்தது போய், இப்போது டாக்டர் ஒரே நோயாளிக்கு நடுவிலேயே இரண்டு தடவை மாடிப்படி ஏறினார். காலையில் ஒரு அம்மாளுக்குக் கீழ்வரிசையில் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு மேலே போய் வந்து, மேல்வரிசையைத் தட்டி, “இப்ப வலிக்குதுங்களா?” என்று கேட்டார். அந்த அம்மாள் உண்மையைச் சொன்னார்.

மனைவி பொன்மணி படிக்கட்டில் நின்று பார்த்தாள்.

“அதுக்குப் பல்லு இருந்தாலாவது நீங்க பயப்படறதுல அர்த்தம் இருக்குது.”

“உனக்குப் புரியாது பொன்மணி.”

“புரியுது. இன்னொருத்தர் பொருளு. அதுதானே?”

அதேதான்.

ரெண்டு மணிக்கு ரெக்ஸ்லின் வந்தாள். கையில் ஒரு காலி வாளி. தொட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பவளங்களை அப்படிப் பார்ப்பவர்கள் பேச மாட்டார்கள். பார்ப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களால் பேசாமல் இருக்க முடியாது.

“செத்துப்போச்சுங்களா?”

“தெரியல.”

“பொழைச்சுக்குமா?”

“தெரியல.”

“ஏனுங்க, உங்களுக்கே தெரியலைன்னா எப்படி?”

“லெதர் சட்டை உரிக்கும் டாக்டர். ஒரு வாரம், ரெண்டு வாரம் தலையை மூடிட்டு மெழுகு பூசுனாப்ல கெடக்கும். பொறவு தோலு கழண்டு போவும். தலை விரியும்.”

“அப்ப இது சட்டை உரிக்குதுங்களா?”

“சாகப்போற லெதரும் முதல்ல அப்படித்தான் இருக்கும்.”

“வித்தியாசம் எப்படித் தெரியும்?”

“விரிஞ்சிட்டுன்னா உரிச்சிருக்கு. விரியலன்னா செத்திருக்கு.”

“ஞாயித்துக்கிழமைக்குள்ள தெரிஞ்சுருமுங்களா?”

“அதுக்கு ஞாயித்துக்கிழமைன்னா என்னன்னு தெரியாதுலா.”

டாக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

ரெக்ஸ்லின் தொட்டித் தண்ணீரால் வாளியைப் பாதி நிரப்பினாள். லெதர் இருந்த கல்லைத் தூக்கி வாளிக்குள் வைத்தாள். தண்ணீரை விட்டு வெளியே வந்த நொடியில், கல்லில் இருந்த ஸீனியா மொத்தமும் துவண்டு சளி மாதிரி ஒட்டிக்கொண்டது.

“பழைய டூத் பிரஷ் இருக்கா?”

பல் டாக்டர் வீட்டில் அது ஒரு கேள்வியா? கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போனது ஒரு டப்பா நிறைய இருந்தது. அவள் ஒன்றை எடுத்து, லெதரைத் தொடாமல் கல்லின் ஓரத்தைச் சுரண்டினாள். வேர் மாதிரி இருந்ததைக் கட்டை விரல் நகத்தால் உரித்தாள்.

“நானும் இதைத்தானுங்களே செஞ்சேன்?”

“நீங்க தொட்டிக்குள்ள வச்சு வெட்டுனிய. நான் வெளிய எடுத்து வச்சு உரிக்கேன்.”

தொட்டியில் மிதந்த துணுக்குகளை டியூப் வைத்து உறிஞ்சி எடுத்தாள். ஸீனியா முழுசாக மூடியிருந்த இரண்டு கற்களை அப்படியே வாளிக்கு மாற்றினாள். லெதர் கல்லை நடுத்தொட்டியில், மற்ற கற்களிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெறும் மணலில் வைத்தாள்.

“மணலைத் தாண்டி வராதுங்களா?”

“லேசுல வராது. ஒட்டிப் பிடிக்க ஏதாவது வேணும்லா.”

தொட்டி இப்போது காலியாக, சுத்தமாக, திருடன் வந்துபோன வீடு மாதிரி இருந்தது. நடுவில் லெதர், மூடிய தலையுடன். டாக்டர் ஒன்பது நாளாக யோசித்து வைத்திருந்ததை இப்போது கேட்டார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். மனைவி சமையலறையில் இருந்தாள்.

“அம்மிணி, கடையில இதே மாதிரி ஒண்ணு…”

“இருக்கு.”

“இதே அளவுல?”

“இதே அளவு. நிறமும் கிட்டத்தட்ட இதுதான். பாத்தா தெரியாது.”

ஒன்பது நாளில் முதல் தடவையாக டாக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“நாளைக்கு ஆளை அனுப்பட்டுங்களா?”

ரெக்ஸ்லின் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள்.

“ஒருத்தரு ஒன்பது வருஷத்துக்கு முன்னால பத்து நாள் ஊருக்குப் போனாரு. அவரு லெதரை என் கடையில விட்டுட்டுப் போனாரு. வந்த அன்னைக்கே அது தலையை மூடிட்டு. எனக்குப் பயம். இடம் மாத்துனேன். பிரஷ் வச்சுத் தேச்சேன். மருந்துத் தண்ணியில முக்குனேன். எட்டாம் நாளு அழுகிட்டு.”

“அடடா.”

“பின்னால தொட்டியில அதே மாதிரி ஒண்ணு கெடந்துச்சு. எடுத்துக் குடுத்துட்டேன். சந்தோசமா வாங்கிட்டுப் போனாரு.”

“அப்படிச் சொல்லுங்க!” டாக்டர் முகம் மலர்ந்தது.

“மறுவாரம் வந்தாரு. ‘ஏங்கண்ணு, நிறம் மங்கலாத் தெரியுதே’ன்னாரு. எங்கடை லைட்டு வேறன்னு சொன்னேன். அதே லைட்டு வாங்கி மாட்டுனாரு. நிறம் வரல. தண்ணியில அயோடின் கம்மின்னு சொன்னேன். அயோடின் ஊத்த ஆரம்பிச்சாரு. ‘முன்ன வலப்பக்கம் சாய்ஞ்சிருந்துச்சே, இப்ப ஏன் இடப்பக்கம் சாயுது’ன்னாரு. பம்பு அடிக்கிற திசைன்னு சொன்னேன். பம்பைக் கழட்டி எதிர்ப்பக்கம் மாட்டுனாரு. மணலெல்லாம் பறந்து, மீனு ரெண்டு சாப்பாட்டை விட்டுட்டு. மீனுக்கு என்னன்னு கேட்டாரு.”

“என்ன சொன்னீங்க?”

“அதுக்கும் ஒண்ணு சொன்னேன்.”

“இது எத்தனை நாளுங்க நடந்துச்சு?”

“இந்தப் பங்குனியிலகூட ஒண்ணு சொன்னேன்.”

டாக்டர் நிமிர்ந்தார். “யாருங்க அவரு?”

ரெக்ஸ்லின் மணலில் இருந்த லெதரைக் காட்டினாள். “இதுக்குச் சொந்தக்காரருதான்.”

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் விரல்விட்டு வருஷங்களைக் கூட்டிக் கழித்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று.

“அப்ப… நான் ரெண்டு வருஷமாக் காவல் காக்கறது, மாத்திக் குடுத்ததோட துண்டுங்களா?”

“ஆமா.”

“மருதாசலத்தோட பவளம் ஒன்பது வருஷம் முந்தியே செத்துப்போச்சு?”

“என் கையில.”

டாக்டர் எழுந்து நின்றார். அவர் முகத்தில், வலிக்கிற பல் எது என்று கண்டுபிடித்துவிட்ட வெளிச்சம்.

“அப்புறம் என்னுங்க அம்மிணி! மாத்துனதை இன்னொரு தடவை மாத்துனா என்னுங்க குத்தம்? அவருக்குத்தான் ஒண்ணும் தெரியாதே!”

“தெரியாது.”

“ஒன்பது வருசமும் சந்தோசமாத்தானே இருந்தாரு?”

“ரொம்ப. கடைக்கு யாரு புதுசா வந்தாலும் என்னையக் காட்டி, ‘இந்தப் பொண்ணுகிட்ட எதையும் நம்பி விடலாமுங்க, பத்து நாளு என் பவளத்தைக் கண்ணு மாதிரி பாத்துக்கிட்டா’ன்னு சொல்லுவாரு.”

“பாத்தீங்களா? யாருக்கு என்ன நஷ்டம்?”

ரெக்ஸ்லின் வாளியைத் தூக்கினாள்.

“அவரு கடைக்குள்ள வந்தா நான் ஸ்டூலை விட்டு எந்திரிச்சிருவேன் டாக்டர். மரியாதைன்னு நினைக்காரு. ஒன்பது வருசத்துல அவரு முன்னால ஒரு தடவை நான் உக்காந்ததில்ல.”

டாக்டர், தான் எழுந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் கதவு வரை போனாள். “அந்த லெதரைக் கட்டி வைக்கட்டுமா? ஆளை எப்ப அனுப்புதிய?”

டாக்டர் தொட்டியைப் பார்த்தார். லெதர் அசையவில்லை. கீழே கிளினிக்கில் யாரோ மணி அடித்தார்கள். அவர் போகவில்லை.

“அம்மிணி.”

“ம்.”

“அவர்கிட்ட என்னன்னுங்க சொல்றது?”

ரெக்ஸ்லின் வாளியைக் கீழே வைத்தாள்.

“எத்தனை மணிக்கு வாராரு?”

“பத்து மணிக்குங்க.”

“ஒன்பதே முக்காலுக்கு நான் வந்துருதேன். முதல்ல நான் சொல்லிக்கிடுதேன். அப்புறம் நீங்க.”