இடது பக்கப் பின்சீட்

"கிடைக்காதுங்க மேடம்," என்றார் தெய்வசிகாமணி. "அப்படி ஒரு காரே இல்லைன்னு நினைக்கிறேன்."

ஷமீம் நிமிரவில்லை. ஒரு காரின் கதவு ரப்பரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கெங்க தேடினீங்க?"

"சென்னை, பெங்களூர், கொச்சி, ஹைதராபாத். டீலருங்க எல்லாரையும் கேட்டாச்சு. நெட்டுல இருக்கற விளம்பரம் அத்தனையும் பாத்தாச்சு. பெட்ரோல்ல இருக்குது. டீசல்ல, அந்த சீட்டோட, ஒண்ணுகூட இல்லைங்க."

"டீ குடிச்சீங்களா?"

"இல்லைங்க."

"குடிச்சிட்டு வாங்க."

ஷமீம் கோவையில் பழைய சொகுசுக் கார்களைத் தேடிக் கொடுப்பவர். வேறு யாரிடமும் கிடைக்காத வண்டி ஷமீமிடம் கிடைக்கும் என்று ஊரில் பேச்சு.

தெய்வசிகாமணி இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. தொழில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒருநாள் வந்து நின்றார். ஷமீமைவிட நிறைய மூத்தவர். அவர் ஷமீமை மேடம் என்பார். ஷமீம் அவரை அண்ணா என்பார்.

வந்த புதிதில் ஷமீம் ஒன்றுதான் சொன்னார்.

"திருப்பூர்ல மிதுன்னு ஒருத்தர் ஒரு வண்டி கேட்கறாரு. அதைக் கண்டுபுடிச்சிருங்கண்ணா. அப்புறம் நான் சொல்லித் தர ஒண்ணுமில்லை."

மிதுன் கேட்டது ஒரு ஜெர்மன் கார். நீளமான உடம்பு. டீசல். காற்றில் மிதக்கிற மாதிரி ஏர் சஸ்பென்ஷன். பொத்தானை அழுத்தினால் முன்சீட் மடிந்து முன்னால் போய்விடும். பின்னால் இடது பக்க சீட் சாய்ந்து கட்டிலாகிவிடும், காலுக்கு ஒரு மெத்தை எழும்பும். கண்ணாடிகளுக்குத் தானே ஏறும் திரை. அந்த சீட்டைக் கம்பெனி எல்லா வண்டியிலும் வைப்பதில்லை. தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்டவர்கள் மிகவும் குறைவு.

தெய்வசிகாமணி டீ குடித்துவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தார். ஷமீம் அதை மூடினார்.

பக்கத்தில் விற்பனைக்கு நின்ற ஒரு காரின் பின்கதவைத் திறந்தார்.

"படுங்க."

"என்னங்க?"

"பின்சீட்டுல படுங்கண்ணா."

தெய்வசிகாமணி உயரமானவர். முழங்காலை மடக்கி, தலையைக் கதவில் முட்டுக் கொடுத்துப் படுத்தார். ஷமீம் வண்டியை எடுத்தார். சிங்காநல்லூர்ப் பக்கம், பைப் போடத் தோண்டி மூடாமல் கிடந்த ரோடாகப் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

திரும்பி வந்தபோது தெய்வசிகாமணியால் நேராக நிற்க முடியவில்லை.

"எந்தக் காரும் தானாப் பொறக்கறதில்லைங்க," என்றார் ஷமீம். "யாரோ ஒருத்தர் ஷோரூம்ல உக்காந்து, எனக்கு அந்த சீட்டு வேணும்னு கேட்டிருக்கோணும். யாரு கேட்டிருப்பாங்க?"

தெய்வசிகாமணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"உக்கார முடியாதவங்க."

"டீசல் எதுக்கு?"

"தூரமாப் போறவங்க. அடிக்கடி போறவங்க."

"உக்கார முடியாதவங்க அடிக்கடி எங்க போவாங்க?"

தெய்வசிகாமணி இடுப்பை நிமிர்த்தினார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கோவையில் ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றாகப் போனார். டாக்டர்களைப் பார்க்கவில்லை. வண்டிகள் நிற்கிற இடத்துக்குப் போய், அங்கே இருந்த காவலாளிகளோடு பேசினார். சிலர் முறைத்தார்கள். சிலருக்கு எதுவும் நினைவில்லை.

ஒரு காவலாளி மட்டும், "கறுப்பு வண்டிதானுங்களே?" என்றார். "அந்தியூர்க்காரரு. சம்சாரத்தைக் கட்டில்ல படுக்க வெச்ச மாதிரியே கூட்டியாருவாரு. கதவத் தொறந்தா உள்ள சில்லுனு இருக்கும். கொஞ்ச நாளா வரக் காணோம்."

"ஏனுங்க?"

காவலாளி கையை மேலே காட்டினார்.

அந்தியூரில் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. மஞ்சள் வியாபாரி சாமியப்பன் என்றால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சாமியப்பன் தானே வந்து ஷெட்டைத் திறந்தார். வண்டி மேல் கிடந்த துணியை உருவினார். ஒரு கீறல் இல்லை. நாலு மாநிலத்தில் தேடியது அந்தியூரில் நின்றுகொண்டிருந்தது.

"விப்பீங்களா?"

"வித்தர்றேன். வெச்சிருந்து என்ன பண்றது? தினமும் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்றேன், அவ்வளவுதான்."

தெய்வசிகாமணி விலை பேச வாயெடுத்தார். சாமியப்பன் கையமர்த்தினார்.

"விலையை விடுங்க. அந்த சீட்டுல யாரு உக்காரப் போறாங்க?"

தெய்வசிகாமணி பின்கதவு வழியாக உள்ளே பார்த்தார். சாய்ந்திருந்த சீட்டின் தலைப்பக்கம் ஒரு சின்னத் தலையணை இருந்தது. பூப்போட்ட உறை. நடுவில் குழிந்திருந்தது.

மிதுனுக்கு அம்மா உண்டு. அம்மாவுக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா நன்றாக நடக்கிறவர்தான். ஆனாலும் அதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை. அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"யாரும் உக்கார மாட்டாங்கங்க," என்றார் தெய்வசிகாமணி. "வாங்கறவரு தனியாத்தான் ஓட்டுவாரு. இன்னும் நாலு வண்டி வெச்சிருக்காரு. இப்படி ஒண்ணு வேற யாருகிட்டயும் இல்லைங்கறதுக்காக வாங்கறாரு."

சாமியப்பன் கோபப்படவில்லை. துணியை எடுத்து வண்டியை மறுபடி மூடினார். நான்கு முனைகளையும் இழுத்துச் செருகினார்.

"காப்பி குடிச்சிட்டுப் போங்க," என்றார்.

மறுநாள், நடந்ததைக் கேட்டதும் மிதுன் போனில் கத்தினான். தெய்வசிகாமணி போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வார்த்தை அம்மாவுக்குன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே சார்! உங்களை யாரு அரிச்சந்திரன் வேலை பாக்கச் சொன்னது? வேற ஆள் வெச்சுப் பாத்துக்கறேன்."

போனை வைத்துவிட்டான்.

"நான் தோத்துட்டேன் மேடம்."

"வண்டி எங்க இருக்குது?"

"அந்தியூர்ல."

"அவரு விக்க மாட்டேன்னுட்டாரா?"

"விக்கறேன்னுதான் சொன்னாரு. மிதுனுக்குத் தர மாட்டாரு."

"அப்ப வண்டி கிடைச்சாச்சு," என்றார் ஷமீம். "ஆளைத் தேடுங்க."

தெய்வசிகாமணி அவர் முகத்தைப் பார்த்தார். ஷமீம் கேலி செய்வதாகத் தெரியவில்லை.

மறுபடியும் அதே ஆஸ்பத்திரி. அதே காவலாளி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். தெய்வசிகாமணி வந்து நின்ற வண்டிகளைப் பார்க்கவில்லை. வண்டியிலிருந்து மனிதர்கள் எப்படி இறங்குகிறார்கள் என்று பார்த்தார். ஒரு காலை ஊன்றி, கதவைப் பிடித்து, பல்லைக் கடித்து இறங்கினார்கள். இத்தனை நாள் கார்களைப் பார்த்தும் இதை அவர் பார்த்ததில்லை.

ஒரு நாள் ஒரு வேன் வந்தது. சீட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே மெத்தை போட்டிருந்தார்கள். ஒரு பெண்மணி படுத்திருந்தார். நாற்பது வயது இருக்கும்.

ஓட்டி வந்தவனிடம் தெய்வசிகாமணி மெதுவாக விஷயத்தைச் சொன்னார்.

"நீங்க புரோக்கருங்களா?"

"ஆமாங்க."

"ஆஸ்பத்திரி வாசல்ல வந்து கார் விக்கறீங்களா? உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா?"

தெய்வசிகாமணிக்கு முகம் எரிந்தது. திரும்பி நடக்கப் போனார்.

"சிவராஜு, இரு," என்று வேனுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அது என்ன சீட்டுங்க?"

அவர் பெயர் மரகதவல்லி. தாராபுரத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் முதுகெலும்பு போயிற்று. சிவராஜ் தம்பி, வெள்ளகோவிலில் எண்ணெய் மில் வைத்திருந்தான். அக்காவுக்குக் கார் வாங்கித் தர அவனுக்கு வசதி இருந்தது. எந்தக் காரிலும் அக்காவால் உட்கார முடியவில்லை.

தெய்வசிகாமணி வேன் வாசலில் நின்று, சீட் எப்படிச் சாயும், கால் எப்படி உயரும் என்று கையாலேயே செய்து காட்டினார்.

"இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாதுங்களே," என்றார் மரகதவல்லி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் அந்தியூருக்குப் போனது. தெய்வசிகாமணி முன்னால் உட்கார்ந்திருந்தார். ஷமீமும் வந்தார். மெத்தை ஓரத்தில், மரகதவல்லியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார்.

சாமியப்பன் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். தலையணையை மட்டும் எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட்டார்.

மரகதவல்லியைத் தூக்கிக் காரின் இடது பின்சீட்டில் உட்கார வைத்தார்கள். சாமியப்பன் குனிந்து பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். முன்சீட் மடிந்து விலகியது. பின்சீட் மெல்லச் சாய்ந்தது. கால்கள் உயர்ந்தன. கண்ணாடிகளில் திரை ஏறி உள்ளே நிழல் ஆனது.

"வலிக்குதுங்களா?"

மரகதவல்லி கண்ணை மூடியிருந்தார்.

"இல்லைங்க."

சிவராஜ் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"என்ர சம்சாரம் இதுல அசையாமப் படுத்திருப்பா," என்றார் சாமியப்பன். "கோயமுத்தூர் போற வரைக்கும் ஒரு சத்தம் வராது. வலிக்குதுன்னு ஒரு நாளும் சொன்னதில்லை."

மரகதவல்லி கண்ணைத் திறந்தார்.

"ஆனா ஒண்ணும் தெரியலீங்களே."

"என்ன தெரியோணும் கண்ணு?"

"வெளிய."

சாமியப்பன் கண்ணாடித் திரையைப் பார்த்தார்.

"விழுந்ததுலேர்ந்து வேனோட கூரையத்தான் பாத்துட்டுப் போறேன், வர்றேன். கொஞ்சம் நிமித்துங்க. அந்தத் திரைய எறக்கிருங்க."

"நிமித்தினா வலிக்கும் கண்ணு. டாக்டரு திட்டுவாரு."

"கொஞ்சம் வலிச்சாப் பரவால்லைங்க."

சாமியப்பனின் விரல் பொத்தான் மேல் நின்றது. பிறகு அழுத்தினார். சீட் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. மரகதவல்லி உதட்டைக் கடித்தார். இன்னும் என்று தலையசைத்தார். இன்னும் எழுந்தது. திரை இறங்கியது.

எதிரில் ஒரு தெரு இருந்தது. ஒருத்தி சாக்கை விரித்து மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு ஆடு அதன் ஓரத்தில் வந்து மோந்து பார்த்துத் தும்மியது. மரகதவல்லி சத்தமாகச் சிரித்தார். சிரித்ததில் முதுகு வலித்து, "அம்மா" என்றார். மறுபடி சிரித்தார்.

சாமியப்பன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவளும் திரையை எறக்கச் சொல்லுவா," என்றார். "வெயிலு படுமேன்னு நான் எறக்கவே மாட்டேன். அப்புறம் கேக்கறதை விட்டுட்டா."

மரகதவல்லி கையை நீட்டி, கதவின் மேல் இருந்த அவர் கையைத் தொட்டார்.

விலை பேசி முடிந்து, கார்ச் சாவி சிவராஜிடம் வந்திருந்தது. ஷமீம் அதை வாங்கிச் சாமியப்பன் கையில் வைத்தார்.

"மொத ஓட்டம் நீங்களே ஓட்டுங்கண்ணா."

சாமியப்பன் சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினார். சிவராஜ் அக்காவுக்கு அடுத்த சீட்டில் உட்கார்ந்தான்.

"எங்க போகோணும் கண்ணு?"

"ஆஸ்பத்திரியத் தவிர எங்க வேணும்னாலும்."

வண்டி அசைவே தெரியாமல் நகர்ந்தது. தெய்வசிகாமணி ஓடிப்போய் முன்கதவின் பிடியில் கை வைத்தார். இந்த வண்டிக்காக எத்தனை ஊருக்குப் போன் போட்டிருப்பார், எத்தனை வாசலில் காத்திருந்திருப்பார். ஒரு முறையாவது ஏறிப் பார்க்க வேண்டாமா? உள்ளே பார்த்தார். மரகதவல்லியின் கால்களுக்கு இடம் விட்டு, முன்சீட் மடிந்து கிடந்தது.

அவர் கையை எடுத்துவிட்டார். வண்டி தெருமுனையில் திரும்பியது.

வேன் பூட்டிக் கிடந்தது. அதன் சாவி சிவராஜின் சட்டைப் பையில் போயிருந்தது.

"மேடம், நாம எப்படிப் போறது?"

"பஸ்ஸுல," என்றார் ஷமீம்.