உத்தண்டவல்லியும் பேய்ச்சுரையும்

முன்னொரு காலத்தில் வெண்கரை நாட்டை உத்தண்டவேலர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. கடைசியாகக் காதில் ஓதியவர் சொன்னதுதான் அன்றைக்குச் சட்டம்.

ஓதுவதற்கென்றே பக்கத்தில் ஏகாம்பரப் பண்டிதர் உட்கார்ந்திருந்தார். செடிகொடிகளை வகை பிரித்து ஏடு எழுதுகிறவர். ஆனால் செடியைத் தேடி ஒருநாளும் வெயிலில் இறங்கமாட்டார். இலையும் பூவும் தட்டில் ஏறி அவர் முன்னால் வரவேண்டும். இலைக்குக் கோணத்தை எண்ணுவார், பூவுக்கு இதழை எண்ணுவார், வகை முடிந்தது. இவ்வளவு படித்தும் அவருக்கு ஒரு வயிற்றெரிச்சல். ஊரில் யாருக்குச் செடியைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும், அரண்மனைக் காய்கறித் தோட்டக்காரி பவளாயியிடம்தான் போனார்கள்.

ஒருநாள் பண்டிதர் ஆரம்பித்தார். "மகாராஜா, தங்கள் நாட்டில் நாயுருவியாம், கழுதைத்தும்பையாம், பேய்ச்சுரையாம்! நாயும் கழுதையும் பேயும் ஆளுகிற நாடா இது? அடியேன் புதுப்பெயர் சூட்டியிருக்கிறேன். சுரைக்கும் பேய்ச்சுரைக்கும் ஒரே இலை, ஒரே பூ. ஆகவே ஒரே இனம், ஒரே பெயர். உத்தண்டவல்லி!"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பழைய பெயரைச் சொல்கிறவர்கள் அன்றைக்கே, உச்சிப்பொழுதுக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று தண்டோரா போட்டுவிட்டார்.

பவளாயியின் தோட்டத்துக்குள் பந்தலில் நல்ல சுரை காய்த்தது. வெளிவேலியில் பேய்ச்சுரை படர்ந்திருந்தது. முற்றவிட்டு, காயவைத்து, தண்ணீர்க் குடுக்கை செய்வதற்காக அவள் வளர்த்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். தின்றால்தான் பேய்ச்சுரையின் கசப்பும் விஷமும் தெரியும். பெயரில் பேய் ஒட்டிக்கொண்டிருந்த வரைக்கும் வேலிக்காயை ஒரு குழந்தைகூடத் தொட்டதில்லை. இப்போது காவலர்கள் வந்து பந்தலிலும் வேலியிலும் 'உத்தண்டவல்லி' என்று ஒரே மாதிரிப் பலகையை மாட்டிவிட்டுப் போனார்கள்.

நாலே நாள். ராஜா பெயர் போட்ட காயாயிற்றே என்று கிழக்குத் தெருக்காரர்கள் வேலியில் பறித்துப்போய் ஆசையாகச் சமைத்தார்கள். பதினோரு பேர் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார்கள். அதில் ஒருத்தி நிறைமாதக் கர்ப்பிணி. அவளைப் பிழைக்கவைப்பதற்குள் மருத்துவச்சிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பவளாயிக்கு வந்ததே கோபம்! வேலிப் பலகையைப் பிடுங்கி அடுப்பில் வைத்தாள். உடைந்த பானை ஒன்றில் கரியால் கோரைப்பல் பேய் ஒன்றை வரைந்து, வேலியில் தொங்கவிட்டாள். மறுநாள் காலையில் அவளைச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"பேய்ச்சுரை என்று ஒன்று கிடையாது என்று சபையறியச் சொல். தோட்டம் உன்னிடமே இருக்கட்டும். மறுத்தால் உச்சிப்பொழுதுக்குள் எல்லையைத் தாண்டு" என்றார் ராஜா.

மந்திரி அவள் காதருகே குனிந்து, "சொல்லித் தொலையேன் அம்மா. வாயில் வருகிற சொல்தானே" என்றார்.

பன்னிரண்டு வருஷம் அவள் கொத்திய மண் அது. விட்டுப்போக நெஞ்சு வலித்தது. ஆனால் அந்தக் கர்ப்பிணியின் முகம் கண்ணிலேயே நின்றது.

"ராசா, கிழக்குத் தெருவே உங்க பேரைச் சொல்லித்தான் வாந்தி எடுக்குது. அது உங்களுக்குப் பெருமைன்னா, எனக்கென்ன வந்துச்சு? பண்டிதர் சொல்றது நெசம்னு இங்கேயே காட்டட்டும். நானும் சொல்லிட்டுப் போறேன்."

"காட்டுகிறேன்!" என்று பண்டிதர் துள்ளி எழுந்தார்.

காவலன் தோட்டத்து வாசல்வரை கூட வர, பவளாயி உள்ளே போய் இரண்டு காய்களை இலையோடும் பூவோடும் கூடையில் கொண்டுவந்தாள். பண்டிதர் கோணத்தை எண்ணினார், இதழை எண்ணினார். "இரண்டும் உத்தண்டவல்லி. இம்மியும் வித்தியாசமில்லை" என்று ஏட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

சபை முற்றத்திலேயே அடுப்பு மூட்டினார்கள். தலைமைச் சமையல்காரர் எப்போதும் போலக் காம்புப் பக்கம் ஒரு சீவல் சீவி, கசக்கிறதா என்று பார்க்க நாக்குக்குக் கொண்டுபோனார். பவளாயி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்ணே. ஒண்ணுதான்னு ஏட்டிலே எழுதியாச்சு. இனிமே நாக்கு எதுக்கு?"

இரண்டு சட்டியில் இரண்டு கூட்டு வெந்தது. இரண்டு கிண்ணத்தில் வந்தது.

"ஒண்ணு ராசாவுக்கு, ஒண்ணு பண்டிதருக்கு. பண்டிதர் கையாலேயே எடுத்துக் கொடுக்கட்டும்" என்றாள் பவளாயி.

பண்டிதர் வலது கிண்ணத்தை எடுத்தார், வைத்தார். இடது கிண்ணத்தை எடுத்தார், அதையும் வைத்தார். ராஜா தின்று வயிற்றைப் பிடித்தால் தலை போகும். தான் தின்றால் குடல் போகும்.

"என்ன தாமதம்? பசிக்கிறது" என்றார் ராஜா.

"இரண்டும் ஒண்ணுதானே சாமி? என்னத்தைத் தேடுறீங்க?" என்றாள் பவளாயி.

பண்டிதர் மெல்ல அவள் பக்கம் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "அடியே, இதில் பேய்ச்சுரை எது?"

மெல்லத்தான் கேட்டார். ஆனால் சபை மூச்சுவிடாமல் இருந்ததால், அவர் வாயில் வந்த பழைய பெயர் கடைசி வரிசை வரைக்கும் கேட்டுவிட்டது. ராஜா பண்டிதரைப் பார்த்தார். அப்புறம் வெளியே வெயிலைப் பார்த்தார். உச்சிப்பொழுதுக்கு இன்னும் ஒரு நாழிகைதான் இருந்தது.

பவளாயி இரண்டு கிண்ணத்திலும் ஒவ்வொரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "இரண்டும் பந்தல்ல பறிச்ச நல்ல சுரைதான். வாயில வைக்கிற சோத்துல அதைக் கலக்க நான் என்ன பாவியா?"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. பண்டிதரை விரட்டச் சொன்னார், பவளாயிக்கு முத்துமாலை கொடுக்கச் சொன்னார். அவள் மாலையைத் தொடவில்லை.

"அவரை விரட்ட வேணாம். வெயில்ல நின்னு, ஒவ்வொரு வேலிக்கும் பழைய பேரைத் தன் கையாலேயே எழுதி மாட்டட்டும். கிழக்குத் தெருவில இருந்து ஆரம்பிக்கட்டும். எனக்கு அது போதும்."

ராஜா சம்மதித்தார். ஆனாலும் அவருக்கு ஆசை விடவில்லை. "அப்படியானால் என் பெயரில் ஒரு செடிகூடக் கிடையாதா?" என்றார்.

பவளாயி கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அது என்ன செய்யுதுன்னு பார்த்துத்தான் ராசா, செடிக்குப் பேரு வச்சிருக்கோம். நீங்களும் ஏதாவது செய்யுங்க. அதைப் பார்த்துட்டு உங்களுக்கும் ஊரு ஒரு பேரு வைக்கும்."

உத்தரவுக்குக் காத்திராமல் அவள் படியிறங்கிப் போனாள். ராஜா வெகுநேரம் அந்த இரண்டு கிண்ணங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.