பதிமூணு கோடு

ஒரு ஊர்ல, கடல் ஓரத்துல, ஒரு கப்பல்காரர் இருந்தாரு. மிக்கேல்னு பேரு. அவரு தன் பொஞ்சாதி பிரகாசியை உயிரோட கடைசியாப் பாத்தது ஒரு காரோட பின்கண்ணாடி வழியா. அவ வாசல்ல நிக்கிறா. ஒரு கையை ஆட்டுறா. இன்னொரு கையை மூடி வச்சிருக்கா, உள்ள புளியங்கொட்டை.

எதுக்குப் புளியங்கொட்டைன்னு கேக்குறியா? சொல்றேன். நீ ம் கொட்டிக்கிட்டே வா. சத்தம் நின்னா நானும் நிறுத்திருவேன்.

ம்.

மிக்கேலுக்குக் கப்பல்ல இன்ஜினுக்கு எண்ணெய் போடுற வேலை. ஒன்பது மாசம் கடல், மூணு மாசம் வீடு. கூட வேலை செஞ்ச ஒரு கொரியாக்காரர் அவருக்கு ஒரு ஆட்டம் கத்துக் குடுத்தாரு. அதுக்குப் பேரு கோ. பலகை பூரா குறுக்கும் நெடுக்கும் கோடு, பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. ஒருத்தருக்குக் கறுப்புக் காய், ஒருத்தருக்கு வெள்ளை. கோடும் கோடும் வெட்டுற இடத்துல மாத்தி மாத்தி வைக்கணும். வச்ச காயை நகத்தக் கூடாது. சுத்தி அடைச்சுட்டா எதிராளி காயைப் பொறுக்கிக்கலாம். கடைசில யாரு நிறைய இடத்தை வளைச்சுப் போட்டாங்களோ அவங்க ஜெயிச்சாங்க.

மிக்கேல் அதுல சூரன். அந்தக் கொரியாக்காரரைத் தவிரக் கப்பல்ல அவரை அடிக்க ஆளில்ல.

அப்புறம் ஒரு லீவுல அந்தப் பெரிய பலகையைத் தூக்கிக்கிட்டு வந்து பிரகாசிக்குச் சொல்லிக் குடுத்தாரு. ஆனா ஒரு ஆட்டம் முடிய மூணு மணி நேரம் ஆகுது. அதுக்குள்ள அடுப்புல மீன்குழம்பு கொதகொதன்னு கொதிச்சு வத்திப் போகுது. சோறு அடிப்பிடிக்குது.

"இவ்வளவு பெரிய வயலை உழ எனக்கு நேரமில்லங்க," ன்னா பிரகாசி. உக்காருற மணைப்பலகையை எடுத்தா, கரிக்கட்டையால ஒன்பதுக்கு ஒன்பது கோடு இழுத்தா. கறுப்புக்குப் புளியங்கொட்டை, வெள்ளைக்குச் சோழி. "சோறு வேகுறதுக்குள்ள முடிஞ்சிரும். வாங்க."

மிக்கேல் சிரிச்சுக்கிட்டே உக்காந்தாரு. பெரிய பலகையில ஆடுற மாதிரி இங்க ஒண்ணு, அங்க ஒண்ணுன்னு தள்ளித் தள்ளி வச்சாரு. அவ அவரு காயை ஒட்டியே டொக்குன்னு வச்சா. டொக், டொக், டொக். தோத்துட்டாரு.

"காக்கா கத்திச்சு, கவனம் போச்சு," ன்னாரு.

"இப்போ காக்கா இல்ல, ஆடுங்க," ன்னா அவ.

ரெண்டாவது ஆட்டமும் போச்சு. "சோழி வழுக்குது," ன்னாரு.

"அப்போ சோழியை நான் எடுத்துக்கிறேன்."

மூணாவது ஆட்டத்துல மூலையில அவரோட அஞ்சு காயை வளைச்சுட்டா. ஒவ்வொண்ணாப் பொறுக்கிக் கிண்ணத்துல போடுறா. டிங், டிங், டிங்... ம் சொல்லு.

ம்.

பெரிய பலகையில ஒரு மூலையில தப்புப் பண்ணினா இன்னொரு மூலைக்குப் போயிரலாம். இதுல போறதுக்கு இடமே இல்ல. மிக்கேல் எந்திரிச்சு வேட்டியை உதறினாரு. "இது சின்னப் பிள்ளைங்க ஆட்டம்ட்டி."

"அப்போ ஐயா சின்னப் பிள்ளைகிட்டயா தோத்தீங்க?"

அது சுருக்குன்னு தைச்சிருச்சு. அதுக்கப்புறம் அவ எத்தனை தடவ கூப்பிட்டும் அவரு அந்த மணைகிட்ட உக்காரல. ஒரு நாள் தலைவலின்னாரு, ஒரு நாள் வெயில்னாரு. "ஆடுனா பெருசு, இல்லன்னா வேண்டாம்," ன்னுட்டாரு.

அப்புறம் லீவு முடிஞ்சுது. காலைல ஏழு மணிக்குக் கார் வரணும். பெட்டி கட்டி, செருப்பு மாட்டி, மிக்கேல் நாற்காலில உக்காந்திருக்காரு. பிரகாசி மணையைக் கொண்டாந்து முன்னால வச்சா. நட்டநடுவுல ஒரு புளியங்கொட்டையை வச்சா.

"கார் வர்ற வரைக்கும் ஒண்ணே ஒண்ணு."

"இந்தா வந்துரும்," ன்னு பேப்பரைப் பிரிச்சாரு.

கார் வரல. ஏழு பத்து. ஏழு இருபது. அவ எதிர்ல உக்காந்தே இருந்தா. அவரு ஒரே பக்கத்தையே படிச்சுக்கிட்டிருந்தாரு. ஏழரைக்குத்தான் பாம் பாம்னு கார் வந்துச்சு. அரை மணி நேரம். ரெண்டு ஆட்டம் ஆடியிருக்கலாம்.

தூங்கிட்டியா?

ம்... இல்ல.

கப்பல்ல போய், மிக்கேல் ஒரு தாள்ல ஒன்பது கோடு போட்டாரு. கொரியாக்காரரை உக்கார வச்சு மாசக்கணக்கா ஆடினாரு. முதல்ல தோத்தாரு, அப்புறமும் தோத்தாரு. அப்போதான் பிரகாசி ஏன் ஒட்டி ஒட்டி வச்சான்னு அவருக்கு விளங்கிச்சு. கடைசில ஒரு நாள் ஜெயிச்சாரு. அதை வீட்டுக்கு எழுதியிருக்கலாம். எழுதல. நேர்ல போய் உக்காந்து அசத்தலாம்னு நெனச்சாரு. கடுதாசில மழையைப் பத்தியும் சாப்பாட்டைப் பத்தியும் எழுதினாரு.

ஏழாவது மாசம் கப்பலுக்குச் சேதி வந்துச்சு. பிரகாசிக்குக் காய்ச்சல், மூணே நாளு, போயிட்டா. கப்பல் நடுக்கடல்ல இருக்கு. அவரு ஊர் வந்து சேரும்போது முப்பதாம் நாள் பூசையும் முடிஞ்சிருந்துச்சு.

பக்கத்து வீட்டுத் தொம்மையம்மா சாவியக் கொண்டு வந்தா. கூடவே ஒரு அட்டை, துணிக்கடைப் பெட்டியை வெட்டின அட்டை. அதுல பென்சிலால குறுக்கும் நெடுக்கும் கோடு.

"காய்ச்சலுக்கு முந்தின வாரம் எங்க வீட்டுல உக்காந்துதான் போட்டா அண்ணே," ன்னா. "'ஒன்பது கோடு அவருக்குக் கௌரவக் குறைச்சல், பத்தொன்பது என் சோத்துக்கு ஆகாது, நடுவுல ஒண்ணு போடுறேன்'ன்னா. முதல்ல பதினாலு போட்டா. 'இதுல நடுப்புள்ளி விழலையே'ன்னு ஓரத்துல குறுக்க ஒண்ணு, நெடுக்க ஒண்ணுன்னு கோட்டை அழிச்சா. நீங்க வந்தா குடுக்கணும்னு எங்கிட்டயே வச்சிருந்தா."

மிக்கேல் எண்ணிப் பாத்தாரு. பதிமூணுக்குப் பதிமூணு. அப்படி ஒரு பலகை நெசமாவே உண்டு. கொரியாக்காரர் பெட்டில ஒண்ணு கிடந்துச்சு. மிக்கேல் அதை அவகிட்டச் சொன்னதே இல்ல. அவளாத்தான் கண்டுபிடிச்சிருக்கா.

"ஆடுவீங்களா அண்ணே?" ன்னா தொம்மையம்மா. "எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுத்திருக்கா."

"இன்னிக்கு வேண்டாம்மா," ன்னாரு.

கதை கரையேறிருச்சு. நீ கண்ணை மூடு.

ம்... அந்த அட்டை?

இருக்கு. பென்சில் கோடு கொஞ்சம் மங்கியிருக்கு. அதுல இன்னும் ஒரு காயும் வைக்கல.