கதவு குறையாத வீடு

புயலில் கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை, குடிசையும் போயிற்று. சூசையம்மாள் அவன் வலைகளை விற்று, பெட்டியில் வரும் பலகைகளைத் திருகாணியால் முடுக்கிக் கட்டும் பெட்டி வீடு வாங்கினாள். பெட்டியில் கதவுக்குப் பதில் இன்னொரு சுவர்ப் பலகை இருந்தது.

“எங்க பெட்டியில எதுவும் குறையாது. உள்ளதை மாட்டு. ‘எல்லாம் சரி’ன்னு கையெழுத்துப் போட்டாத்தான் லாரியிலேர்ந்து கூரையை இறக்குவேன்,” என்ற விற்பனை நிறுவன மேலாளர் தனகோபால், வீடு எழும் இடத்தின் நடுவில் நாற்காலி போட்டுக் கைபேசியில் பேச உட்கார்ந்தார்.

அவள் அவரைச் சுற்றி நான்கு பக்கமும் சுவர்ப் பலகைகளை முடுக்கி முடித்தாள். மழை பிடித்தது.

“வாசல் எங்கம்மா?” என்றார் உள்ளேயிருந்து.

“எல்லாம் சரி சார். வெளிய வந்து கையெழுத்து வாங்கிக்குங்க.”

மழை வலுத்தது. “கதவு குறையுதும்மா.”

“அதை எழுதிக் குடுங்க சார்.”

பலகைக்கு அடியில் நனைந்த காகிதம் வந்தது. அவள் ஒரு பலகையைக் கழற்றி அவரை வெளியே விட்டாள்.

மறுநாள் கதவு வந்தது, கூரையும் ஏறியது. தாழ்ப்பாளை மட்டும் அவள் மாட்டவில்லை. வரவேண்டியவர் தட்டிக்கொண்டு நிற்கக்கூடாது என்றாள்.