ஓஸ் பிடிக்க ஓர் ஆள்

சங்ககிரி பைபாஸில் இருந்த வளர்மதியின் டயர் பட்டறைக்கு வேலை கற்கப் போனபோது நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தொரு வயது. வளர்மதிக்கு முப்பத்து மூன்று.

இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவர். வலது கண்ணில் பார்வை மங்கியதும் லைசென்ஸைப் புதுப்பித்துத் தர மறுத்துவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் பட்டறைக்கு வந்து, "எனக்கு வேலை கத்துக் குடுங்க மேஸ்திரி" என்றார். அவளை முதன்முதலில் மேஸ்திரி என்று கூப்பிட்டவர் அவர்தான்.

எட்டு மாதத்தில், நட்டு கழட்டுவதில் அவர் கைக்கு ஈடாக அந்தப் பட்டறையில் வேறு கை இல்லை. ஆனால் உதவிக்கு யாராவது பக்கத்தில் வந்தால் முகம் சுருங்கிவிடும். "தள்ளு, நான் பாத்துக்கறேன்" என்பார். கண்ணைப் பார்த்து இரக்கப்படுகிறார்கள் என்று நினைப்பு.

அந்த வருஷம் எதிரில் பெரிய பட்டறை ஒன்று வந்தது. வளர்மதியிடம் வரும் வண்டிகள் பாதியாகிவிட்டன.

ஆயுத பூஜைக்கு மறுநாள் லாரி உரிமையாளர் சங்கம் ஒரு போட்டி வைக்கும். முட்டுக் கொடுத்து நிறுத்திய லாரியின் நாலு மூலைச் சக்கரங்களிலும் சேர்த்து நாற்பது வீல் நட்டு. அத்தனையையும் கழட்டி மறுபடி மாட்ட வேண்டும். நட்டு கழட்டி மாட்டும் கன் ஒன்றுதான். ஆள் ஒருவராகவும் வரலாம், இருவராகவும் வரலாம். ஜெயிக்கிற பட்டறைக்கு வருஷம் முழுக்கச் சங்கத்து லாரிகளின் டயர் வேலை. இரண்டு வருஷமாக மோகனசுந்தரம் என்பவர் பேட்டரி கன்னோடு தனி ஆளாக வந்து ஜெயித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, நானும் பேட்டரி கன்னே எடுத்துக்கறேன்" என்றார் நாச்சிமுத்து.

"வேண்டாங்கண்ணா. ஏர் கன் எடுங்க."

"அதுக்கு வாலாட்டம் காத்து வர்ற ஓஸ் பைப் இருக்குதே. லாரியைச் சுத்தி வரும்போது காலை வாரும். ரோட்டுல நின்ன வண்டிக்குப் போறப்ப நீங்களே பேட்டரி கன்தானே எடுத்துட்டுப் போறீங்க?"

"ரோட்டுக்கு கம்ப்ரஸர் வராதுங்கண்ணா."

"போட்டியில எனக்கு எது நல்லதுன்னு சொல்லுங்க."

வளர்மதி ஏர் கன்னை அவர் கையில் கொடுத்தாள். ஓஸைத் தரையிலிருந்து தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு அவர் பின்னால் நின்றாள்.

"நீங்க போய் ஓஸ் பிடிக்கறதா?" என்று பதறினார்.

"வேலையைப் பாருங்கண்ணா."

பத்து நாள் அப்படியே பழகினார்கள். ஒரு நட்டைக்கூட அவளைத் தொட விடவில்லை அவர்.

போட்டியன்று மைதானம் முழுக்க டிரைவர்கள். நாச்சிமுத்துவோடு வண்டி ஓட்டியவர்களும் இருந்தார்கள். "கண்ணு தெரியாத ஆளு, பின்னாடி ஓஸ் பிடிக்க ஓனரம்மா!" என்று ஒருவன் கத்தினான். சிரிப்பு எழுந்தது.

விசில் ஊதினார்கள்.

கழட்டுவதில் நாச்சிமுத்துவும் மோகனசுந்தரமும் சமம். நாச்சிமுத்து மூலை திரும்பும்போதெல்லாம் ஓஸ் அவருக்கு முன்பே திரும்பியிருந்தது. கடைசி மூலையில் வளர்மதி கன்னை வாங்கி லாரிக்கு அடியில் தள்ளினாள். அவர் சுற்றி ஓடி வந்தபோது அது அந்தப் பக்கம் கிடந்தது.

மாட்டுவதில்தான் சிக்கல். ஒவ்வொரு நட்டையும் முதலில் கையால் திருகி மரை பிடிக்க வைக்க வேண்டும். மூன்றாவது நட்டு கோணலாக ஏறியது. கழட்டினார். மறுபடி வைத்தார். மறுபடியும் கோணல். மங்கிய கண்ணில் வியர்வை இறங்கியது. அடுத்த லாரியில் மோகனசுந்தரம் ஒரு சக்கரத்தை முடித்துவிட்டார்.

வளர்மதி ஓஸைப் பிடித்தபடி நின்றாள்.

நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார்.

"மேஸ்திரி... நட்டை வெச்சுக் குடுங்க."

அவள் உட்கார்ந்தாள். அவள் விரல் நட்டைத் திருகி விட்டு நகர, அதன் பின்னாலேயே கன் இறங்கியது. விரல், கன். விரல், கன். ஒரு சக்கரம் முடிந்தது. அடுத்த சக்கரமும். மோகனசுந்தரம் கன்னைக் கீழே வைத்து, நட்டு வைத்து, கன்னை எடுத்து, மறுபடி கீழே வைத்துக்கொண்டிருந்தார். அவர் கை ஒருபோதும் தவறவில்லை. ஆனால் இருந்தது இரண்டே கை.

மூன்றாவது சக்கரத்தில் அவரை எட்டிப் பிடித்தார்கள். நாற்பதாவது நட்டு இறுகியபோது அவருக்கு இன்னும் நாலு நட்டு பாக்கி.

மைதானம் அதிர்ந்தது. சிரித்த டிரைவர்களே ஓடி வந்து நாச்சிமுத்துவைத் தோளில் தூக்கினார்கள். வரிசையாக நின்ற லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. தோள் மேலே இருந்தபடி அவர், "மேஸ்திரியைக் கூப்பிடுங்கடா! மேஸ்திரியைக் கூப்பிடுங்கடா!" என்று கத்திக்கொண்டே இருந்தார். மோகனசுந்தரம் வந்து இருவர் கையையும் குலுக்கிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்த பிறகு, கழுத்தில் போட்ட மாலையைக் கழற்றாமலே நாச்சிமுத்து வளர்மதியிடம் வந்தார்.

"இப்பவாச்சும் சொல்லுங்க மேஸ்திரி. நீங்க நட்டு வெச்சுக் குடுத்திருந்தா பேட்டரி கன்லயும் ஜெயிச்சிருப்பமே?"

"ஜெயிச்சிருப்போம். இன்னும் சீக்கிரமாக்கூட."

"அப்புறம் ஏன் அதை எடுக்க விடலை?"

வளர்மதி ஓஸை வளையம் வளையமாகச் சுற்றித் தோளில் மாட்டினாள்.

"அதை எடுத்திருந்தா நீங்க தனியாப் போயிருப்பீங்கண்ணா."