பன்னிரண்டில் உடைந்த பனி

ஒரு விடுகதை போடுகிறேன், சொல்லுங்கள் பார்ப்போம். ஏறும்போது காலுக்கு அடியில் இருக்கும். இறங்கும்போது சட்டைக்குள் இருக்கும். முன்னால் போக விடும், பின்னால் சறுக்க விடாது. அது என்ன?

தெரியவில்லையா? தப்பில்லை, நம் ஊரில் அதற்கு வேலை கிடையாது. பனிமலை ஏறும் பந்தயக்காரர்கள் சறுக்குப் பலகையின் அடியில் ஒட்டிக்கொள்ளும் மயிர்ப்பட்டை அது. அதன் பிடியில் மலை ஏறுவார்கள். உச்சியில் அதை உரித்துச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, வெறும் பலகையில் சறுக்கி இறங்குவார்கள். முதலில் முடிப்பவருக்கு வெற்றி.

வடக்கே பனிமலைகளுக்கு நடுவில் இருக்கும் லாகௌல் பள்ளத்தாக்குப் பெண் பல்மோவுக்கு அந்தப் பட்டையை உரிக்கப் பத்து விநாடி போதும். பன்னிரண்டு வயதில் அண்ணனின் பழைய பலகையில் பழகத் தொடங்கியவள். மாவட்டம், மாநிலம் என்று ஜெயித்து, பதினேழு வயதில் தேசிய இளையோர் அணித் தேர்வுக்கு வந்து நின்றாள். இருந்தது ஒரே இடம். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்.

தேர்வுப் பந்தயத்தில் இரண்டு ஏற்றங்கள். முதலாவது பாறை முகட்டின் வழியே போனது. இரண்டாவது, வடக்குப் பார்த்த ஒரு பெரிய பனிச்சரிவைக் குறுக்கே வெட்டிப் போனது.

“அக்கா, ரெண்டாவது ஏத்தத்துல முழு வேகம் போட்டுடவா?” என்று கேட்டாள் பல்மோ.

அக்கா என்பது அவளுடைய பயிற்சியாளர் வித்யா நேகி. முப்பத்தொரு வயது. பல வருடங்கள் பந்தயம் ஓடியவர்.

வித்யா பனி அள்ளும் மண்வாரியை எடுத்துக்கொண்டு, அந்தச் சரிவைப் போலவே வடக்குப் பார்த்திருந்த ஒரு சின்ன மேட்டுக்கு அவளை அழைத்துப் போனார். மார்பளவு குழி தோண்டினார். குழியின் சுவரில் ஒரு பனித்தூணைச் செதுக்கி, அதன் தலையில் மண்வாரியின் தகட்டை வைத்தார்.

“தட்டு.”

அதற்கு ஒரு முறை உண்டு. முதல் பத்துத் தட்டு மணிக்கட்டிலிருந்து. அடுத்த பத்து முழங்கையிலிருந்து. கடைசிப் பத்து தோளிலிருந்து. எத்தனையாவது தட்டில் தூண் உடைகிறது என்று எண்ண வேண்டும். சீக்கிரம் உடைந்தால், மேற்பனி அடிப்பனியைச் சரியாகப் பிடித்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஆள் ஏறினால் மொத்தமும் சரியலாம்.

பல்மோ தட்டினாள். பன்னிரண்டில் தூணின் மேல்பாதி மேசை இழுப்பறை போல முன்னால் நழுவி விழுந்தது. அடியில் சர்க்கரை மாதிரி உதிரிப் பனி.

“பன்னிரண்டு. இது நல்லதா, கெட்டதா?”

“ரெண்டுக்கும் நடுவுல.”

பந்தயப் பாதைக்குப் பொறுப்பாளரான ரண்தீர் அந்தப் பக்கம் வந்தார்.

“என்ன மேடம், காலையிலயே தோட்ட வேலையா? எங்க குழியில இருபத்தாறு வரைக்கும் தாங்கிச்சு.”

“நீங்க தோண்டினது வெயில் பக்கம். இங்க பன்னிரண்டு. பாதையை மாத்துங்க.”

“நீங்க குழி தோண்டுற வேகத்துல உங்க பொண்ணு ஏறினா தங்கப் பதக்கம்தான்!”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். வித்யா மற்றப் பயிற்சியாளர்களிடமும் போய்ச் சொன்னார். இருவர் வந்து குழியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பாதை மாறவில்லை.

“அக்கா, சரியுமா?”

“தெரியல.”

“நீங்களா இருந்தா ஏறுவீங்களா?”

“மாட்டேன்.”

“உங்களுக்கென்ன, எல்லாம் ஜெயிச்சு முடிச்சாச்சு.” பல்மோ குழியோரம் உட்கார்ந்துவிட்டாள். “எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு.”

வித்யா அவள் பக்கத்தில் பனியில் உட்கார்ந்தார்.

“உன் வயசுல எனக்கும் ஒரு தேர்வு வந்துச்சு. தூண் பதினாலுல உடைஞ்சுது. நான் திரும்பிட்டேன்.”

“அப்புறம் அந்தச் சரிவு சரிஞ்சுதா?”

“இல்ல.”

“மறுநாள்?”

“இல்ல. அந்த வருஷம் முழுக்கச் சரியவே இல்ல. பதினோரு பேர் ஏறி இறங்கி வந்தாங்க. அதுல ஒருத்தி அணிக்குப் போனா.”

பல்மோ குழியிலிருந்த உதிரிப் பனியை ஒரு பிடி அள்ளினாள்.

“அப்போ நீங்க செஞ்சது தப்பா அக்கா?”

“காலையில என் கையில இருந்தது பதினாலு. சாயங்காலம் நடந்ததை வெச்சு அதை மாத்த முடியாது.”

பந்தயம் தொடங்க விசில் ஊதினார்கள். பல்மோ கிளம்பினாள். முதல் ஏற்றத்தில் மற்றவர்களைவிட நாற்பது விநாடி முன்னால் முகட்டைத் தொட்டாள். சறுக்கி இறங்கி, இரண்டாவது ஏற்றம் தொடங்கும் சிவப்புக் கொடியருகே நின்றாள். அங்கிருந்த நடுவரிடம் தன் பந்தய எண்ணைச் சொன்னாள். பந்தயத்திலிருந்து விலகிக்கொள்வதாகச் சொன்னாள்.