வலை இழுக்காத பன்னிரண்டு நாள்

அடைக்கலராஜ் நல்ல மனுஷன். என்ன, கைதான் சும்மா இருக்காது.

போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கொள்ளிடக் கரையோரம் குளம் வெட்டி, நாற்பது கட்லா தாய் மீன்களை மூன்று வருஷமாக வளர்த்துவந்தார். இந்த ஆடியில் அவை முட்டை விட வேண்டும். அதை நம்பித்தான் மனுஷன் உயிரோடு இருந்தார் என்றுகூடச் சொல்லலாம். வைகாசிக் கடைசியில் நாலு மீனுக்கு விலாவில் சிவப்பாகப் புண் வந்தது.

அவ்வளவுதான். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் ஆள் வைத்து வலை இழுத்தார். நாற்பதையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். புண்ணில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி விட்டார். ஒரு வாரத்தில் பதினோரு மீனுக்குப் புண். இரண்டு செத்து மிதந்தன.

ஈர வலையை ஸ்கூட்டரின் பின்னால் கட்டியபடியே மைமூன் பீவியிடம் ஓடினார். அந்தப் பக்கம் மீன் வளர்க்கிறவர்களுக்கெல்லாம் அந்தம்மாதான் டீச்சர். அடைக்கலராஜைவிட ஒன்பது வயது இளையவர். இருந்தாலும் அவர் முன்னால் இவர் கைகட்டித்தான் நிற்பார்.

"டீச்சர், ரெண்டு போயிடுச்சு. ஏதாவது மருந்து சொல்லுங்க."

"சாப்பிட்டீங்களாண்ணே?"

"சோறா இப்ப முக்கியம்?"

"முதல்ல உக்காருங்க."

இலை போட்டுச் சோறு வைத்தார். அடைக்கலராஜ் முதல் கவளத்தை வாயருகே கொண்டு போனதும் பானையில் கரண்டியால் டங்கென்று ஓர் அடி.

"எந்திரிங்க! வெளிச்சத்துக்கு வாங்க. நாக்கை நீட்டுங்க."

பதறி எழுந்து நீட்டினார்.

"சரி, போய்ச் சாப்பிடுங்க."

இரண்டாவது கவளம். மறுபடி டங்.

"எந்திரிங்க! கண்ணைக் காட்டுங்க."

மூன்றாவதுக்கு நகத்தைக் காட்டச் சொன்னார். நாலாவது தடவை அடைக்கலராஜ் எழவில்லை. கத்தினார்.

"என்ன டீச்சர் இது? ஒரு மனுஷனை நிம்மதியாச் சோறு திங்க விடமாட்டீங்களா? நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது!"

"உங்க உடம்பு எப்படி இருக்குன்னுதான் பார்த்தேன்."

அடைக்கலராஜின் கையில் சோறு காய்ந்திருந்தது.

"நான் நல்லதுக்குத்தானே டீச்சர் பார்த்தேன்?"

"நானும் நல்லதுக்குத்தான் பார்த்தேன்."

மைமூன் பீவி கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

"தூக்கறது கொக்கா, போஸ்ட் மாஸ்டரான்னு மீனுக்கு எப்படிண்ணே தெரியும்? பயந்ததும் அது உடம்புல ஒரு சுரப்பு ஊறும். கார்டிசால்னு பேரு. உடம்புல இருக்கிற சக்தியெல்லாம் தப்பிச்சு ஓடறதுக்கே போயிடும். கிருமியை எதிர்க்கிற வேலை படுத்துக்கும். ஒரு தடவைன்னா சமாளிச்சுக்கும். நீங்க தினம் ரெண்டு தடவை…"

"போதும் டீச்சர்." அடைக்கலராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. "மருந்து?"

"தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. தீனி போட்டுட்டு நகர்ந்துடுங்க. வலையை இங்க வச்சிட்டுப் போங்க."

"பார்க்காம, ஆறுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான்."

வலையை வைத்துவிட்டு வந்தார். ஐயோ, அந்த நாட்களை எப்படித் தள்ளினாரோ! கரையில் போவார், வருவார். உட்கார்ந்தால் எழுவார். மூன்றாம் நாள் இன்னொரு மீன் செத்து மிதந்தது. கொட்டகைக்கு ஓடினார், ஆணியில் வலை இல்லை. டீச்சரைத் திட்டிக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பினார், அணைத்தார். மறுபடி கிளப்பினார், மறுபடி அணைத்தார். "இப்படித் திரிஞ்சா மீனுக்கு முன்னாடி நீங்க போய்ச் சேர்ந்துடுவீங்க" என்றாள் மனைவி பிலோமினா.

பன்னிரண்டாம் நாள் காலையில் தவிட்டை வீசிவிட்டு நகர்ந்தார். பின்னால் தண்ணீர் சளசளவென்று சத்தம் போட்டது. திரும்பிப் பார்த்துவிட்டு அப்படியே ஸ்கூட்டரை எடுத்தார்.

"டீச்சர்! எல்லாம் மேல வந்து திங்குது! ஒன்பது நாளா ஒண்ணுகூடச் சாகல!"

"புண் ஆறிடுச்சா?"

அடைக்கலராஜ் தலையைச் சொறிந்தார்.

"பார்க்கலையே டீச்சர்."

மைமூன் பீவி உள்ளே போனார். வலையை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

"அப்ப இது இனிமே உங்க கொட்டகை ஆணியிலேயே தொங்கலாம்ணே."